சரக்குப் பாதையில் பயணிகள் ரயில் ஓடுமா? வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் 'ஷார்ட் லைன்' என்று அழைக்கப்படும் சிறு சரக்கு ரயில் கம்பெனிகளின் பாதைகளில் பயணிகள் ரயில் விடுவது பற்றி, அங்கே வசிக்கும் வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: எங்கள் ஊர் வழியாக ஒரு ரயில் பாதை போகிறது. வாரத்துக்கு இரண்டு தடவை சரக்கு ரயில் ஊர்ந்து போகும். மற்ற நேரமெல்லாம் சும்மாதான் கிடக்கிறது. காலையும் மாலையும் பக்கத்து நகரத்துக்கு ஒரு பயணிகள் ரயில் விட என்ன தடை?

'ஊர்ந்து' என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். தடை அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

ரயில் கம்பெனிகள் மீதான அரசுக் கட்டுப்பாட்டைத் தளர்த்த 1980ல் வந்த ஸ்டாகர்ஸ் சட்டத்துக்குப் பிறகு, பெரிய ரயில் கம்பெனிகள் லாபம் தராத கிளைப் பாதைகளை விற்றுத் தள்ளின. அவற்றை வாங்கி நடத்துபவர்கள்தான் இன்றைய ஷார்ட் லைன்காரர்கள். இப்போது ஏறக்குறைய 600 கம்பெனிகள் இருக்கின்றன. நாட்டின் சரக்குப் பாதையில் பத்தில் மூன்று பங்கு அவர்கள் கையில். பெரும்பாலும் பல ஆண்டு பராமரிப்பு பார்க்காத நிலையில்தான் அந்தப் பாதைகள் கைமாறின. தானியம், மரம், உரம் ஏற்றிய பெட்டிகளை மணிக்கு 10 மைலில் இழுத்துப் போனாலும் வாடிக்கையாளருக்குக் குறையில்லை. அதற்கு மேல் பாதைக்குச் செலவழிக்க அவர்களுக்குக் காரணமும் இல்லை.

மத்திய ரயில்வே நிர்வாகம், அதாவது எஃப்.ஆர்.ஏ., தண்டவாளத்தைத் தரம் பிரித்து வேகம் விதிக்கிறது. 1ஆம் தரத்தில் சரக்கு ரயில் 10 மைல், பயணிகள் ரயில் 15 மைல். 2ஆம் தரத்தில் 25, 30. 3ஆம் தரத்தில் 40, 60. 4ஆம் தரத்தில் 60, 80. இவற்றுக்கெல்லாம் கீழே 'விலக்கு பெற்ற பாதை' என்று ஒன்று உண்டு. அதில் பயணிகளை ஏற்றிய ரயில் போகவே கூடாது. உங்கள் ஊர்ப் பாதை அந்த வகையாக இருந்தால், முதல் வேலை அதை அங்கிருந்து மேலே கொண்டுவருவதுதான்.

(ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. கம்பெனிகளையும் கிளாஸ் 1, 2, 3 என்று வருமானத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். அதில் 1 என்றால் மிகப் பெரியது. தண்டவாளத்தில் 1 என்றால் மிக மெதுவானது. அறிக்கை படிக்கும்போது எது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

கேள்வி: 1ஆம் தரப் பாதையை 3ஆம் தரத்துக்கு உயர்த்த என்னென்ன மாற்ற வேண்டும்? தண்டவாளம் முழுவதையும் பிடுங்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். கட்டையிலிருந்து தொடங்குங்கள்.

பழைய தண்டவாளத் துண்டு ஒன்றின் நீளம் 39 அடி. விதியும் அந்த 39 அடியைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறது. அதற்குள் ஏறத்தாழ 24 ஸ்லீப்பர் கட்டைகள் கிடக்கும். 1ஆம் தரத்துக்கு அதில் 5 கட்டை நன்றாக இருந்தால் போதும். 3ஆம் தரத்துக்கு நேர்ப்பாதையில் 8; 2 டிகிரிக்கு மேற்பட்ட வளைவிலும் (டிகிரி கூடக் கூட வளைவு இறுகும்), ரயில் தடம் மாறும் பாயிண்டிலும் 10. இரண்டு தண்டவாளத் துண்டுகள் சேரும் இணைப்பிலும் கெடுபிடி கூடும். இணைப்பிலிருந்து 18 அங்குலத்துக்குள் ஒரு நல்ல கட்டை, அல்லது இரு பக்கமும் 24 அங்குலத்துக்குள் இரண்டு இருக்க வேண்டும். இவையெல்லாம் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம். 8 நல்ல கட்டையோடு ரயிலைத் தொடங்கினால், இரண்டு குளிர்காலத்தில் 7 ஆகிவிடும், வேகக் கட்டுப்பாடும் வந்துவிடும். ஒரு மைலுக்கு ஏறத்தாழ 3,250 கட்டை. மூன்றில் ஒன்றை மாற்றினால் மைலுக்கு 1,080 ஆகிறது. உத்தேசமாகக் கணக்குப் போடுவதானால் அங்கிருந்து போடுங்கள். கூடவே ஜல்லி கொட்டி, அதைக் கட்டைக்கு அடியில் இறுக்கி, மட்டம் பார்க்கும் வேலையும் உண்டு.

பாதையின் நிலையை ஓரளவு நீங்களே பார்க்கலாம். ஆனால் பாதை மேல் நடக்காதீர்கள். அது தனியார் நிலம், அத்துமீறல் குற்றம். பொதுச் சாலை குறுக்கிடும் கேட்டில் நின்று பாருங்கள். ஆணிகளின் தலை தண்டவாளத்தின் அடிப்பாகத்தை விட்டு மேலே எழும்பியிருக்கிறதா? இரும்புத் தகடு கட்டைக்குள் புதைந்திருக்கிறதா? இணைப்புக்குக் கீழே ஜல்லி சாம்பல் நிறச் சேறு பூசிக் கிடக்கிறதா? அப்படியானால் ரயில் போகும்போதெல்லாம் அந்த இணைப்பு இறங்கி ஏறி, அடியிலிருந்து சேற்றை உறிஞ்சுகிறது என்று அர்த்தம். தண்டவாளத்தின் பக்கவாட்டில் புடைப்பெழுத்து இருக்கும். கெஜத்துக்கு எத்தனை பவுண்டு, எந்த ஆலை, எந்த ஆண்டு, பிறகு மாதத்துக்கு ஒன்று வீதம் சிறு கோடுகள். ஒரு பைனாகுலர் போதும். 115 என்று தொடங்கினால் நிம்மதி. 85, 90 என்று நூற்றாண்டுப் பழசு என்றால், கட்டை மாற்றுவதோடு தண்டவாளத்தையும் மாற்றக் கணக்கு வையுங்கள். பயணிகள் ரயில் ஓடும் 3ஆம் தரப் பாதையில் ஆண்டுதோறும் அல்ட்ராசவுண்ட் சோதனை கட்டாயம். பழைய தண்டவாளத்தின் போல்ட் துளையிலிருந்து கிளம்பும் வெடிப்புகள் அப்போது வரிசையாக வெளியே வரும்.

எங்கே முதலில் செலவழிப்பது என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. 10 மைல் வேகத்தில் போகும் ஒரு மைலைக் கடக்க 6 நிமிடம். அதை 25 ஆக்கினால் 2 நிமிடம் 24 விநாடி. மிச்சம் மூன்றரை நிமிடத்துக்கு மேல். ஏற்கெனவே 59ல் போகும் மைலை 79 ஆக்கினால் மிச்சம் 15 விநாடிதான். ஆகவே அதிக வேகத்தைத் துரத்தாதீர்கள். பழுதான பாலம், ஊருக்குள் ஊரும் அரை மைல், சந்திப்பில் கிடக்கும் பழைய பாயிண்ட் ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள்.

வளைவைப் பணத்தால் வெல்ல முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். 955 அடி ஆரமுள்ள 6 டிகிரி வளைவில் வெளித் தண்டவாளத்தை 3 அங்குலம் உயர்த்தினாலும், வழக்கமான விதிப்படி வேகம் 37 மைலைத் தாண்டாது. இன்னும் உயர்த்தினால் மெதுவாகப் போகும் கனமான சரக்குப் பெட்டி உள்பக்கம் சாய்ந்து, உள் தண்டவாளத்தை நசுக்கும். ஆற்றங்கரையை ஒட்டி வளைந்து வளைந்து போகும் பாதை என்றால், கால அட்டவணையை அதற்கேற்பத்தான் எழுத வேண்டும்.

கேள்வி: பி.டி.சி. கருவி பொருத்தாமல் பயணிகள் ரயில் விடவே முடியாது என்கிறார்களே?

பாதி உண்மை. 2008 செப்டம்பர் 12 அன்று கலிஃபோர்னியாவின் சாட்ஸ்வொர்த்தில் பயணிகள் ரயிலும் சரக்கு ரயிலும் நேருக்கு நேர் மோதி 25 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டே வந்த சட்டம், பயணிகள் ரயில் ஓடும் முக்கியப் பாதைகளில் ரயிலைத் தானாக நிறுத்தும் பி.டி.சி. அமைப்பைக் கட்டாயமாக்கியது.

ஆனால் சிறு பாதைகளுக்கு விதியில் ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். பாதை கிளாஸ் 1 கம்பெனிக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி டன்னுக்குக் குறைவான சரக்குதான் போக வேண்டும். இந்த இரண்டும் பொருந்தினால், சிக்னல் இல்லாத பாதையில் நாளுக்கு 4 பயணிகள் ரயில் வரையிலும், சிக்னல் உள்ள பாதையில் 12 வரையிலும் விலக்குக் கேட்கலாம். தானாகக் கிடைக்காது. எஃப்.ஆர்.ஏ.விடம் விண்ணப்பித்து வாங்க வேண்டும். டென்னசி மாநிலத்தில் நாஷ்வில் – லெபனான் ரயில் நாளுக்கு 12 ரயில் என்ற வரம்புக்குள் நிற்பதற்குக் காரணம் இதுதான். அடுத்த ரயிலைச் சேர்த்தால் முழு அமைப்பையும் பொருத்த வேண்டும். எனவே உங்கள் திட்டத்தில் 12ஐத் தாண்டும் ஆசை இருந்தால், அந்தச் செலவை இப்போதே எழுதி வையுங்கள். பத்தாம் ஆண்டில் கண்டுபிடிக்காதீர்கள்.

சிக்னல் இல்லாத பாதையில் பயணிகள் ரயிலின் வேகம் 60ஐத் தொடக் கூடாது. அதனால்தான் எங்கு பார்த்தாலும் '59 மைல்' என்ற விநோத எண்.

விலக்குக் கிடைத்துவிட்டது என்று அசட்டையாக இருக்கவும் கூடாது. சிக்னல் இல்லாத பாதையில் பாயிண்டைக் கையால்தான் மாற்றுவார்கள். கிளைப் பாதைக்குத் திருப்பியதைத் திரும்ப மாற்ற மறந்தால் அடுத்து வரும் ரயிலுக்கு எச்சரிக்கையே கிடையாது. 2005 ஜனவரி 6 அன்று தெற்குக் கரோலினாவின் கிரானிட்வில்லில் நடந்தது அதுதான். ஓடிவந்த சரக்கு ரயில் கிளைப் பாதையில் நின்றதன் மேல் மோதியது. குளோரின் கசிந்து 9 பேர் இறந்தார்கள். பி.டி.சி. இல்லாவிட்டாலும், வேகமாகக் கடக்கும் ஒவ்வொரு பாயிண்டுக்கும், அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று காட்டும் நிலைகாட்டி பொருத்தாமல் பயணிகளை ஏற்றக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

கேள்வி: லெவல் கிராசிங்குகளில் ஏற்கெனவே மணியும் விளக்கும் இருக்கின்றன. அவை போதாதா?

வேகம் கூடினால் போதாது. ரயில் வருவதற்குக் குறைந்தது 20 விநாடி முன்பே எச்சரிக்கை தொடங்க வேண்டும். 25 மைல் வேகத்தில் வரும் ரயில் அந்த 20 விநாடியில் 733 அடி கடக்கிறது. 59ல் வந்தால் 1,731 அடி. அதாவது ரயிலை உணரும் மின்சுற்றை இரண்டு மடங்குக்கு மேல் நீட்ட வேண்டும். இடையில் இன்னொரு கிராசிங் இருந்தால் இரண்டும் பின்னிக்கொள்ளும்.

இன்னொன்று பலர் கண்ணில் படுவதில்லை. வாரத்துக்கு இரண்டு ரயில் மட்டும் போகும் தண்டவாளத்தின் மேல் துரு படரும். எடை குறைந்த ஒற்றைப் பெட்டி வந்தால், துருவைத் தாண்டி மின்சுற்று மூடாமல் போகலாம். ரயில் வந்தும் மணி அடிக்காது. இல்லினாய் மாநிலத்தில் ஒரு பெரிய கம்பெனியின் பாதையில் ஆம்ட்ராக் (நாடு தழுவிய பயணிகள் ரயில் நிறுவனம்) ரயிலுக்குக் குறைந்தது 32 அச்சு வேண்டும் என்ற நிபந்தனை வந்ததும் இந்தக் கவலையால்தான். சோதனை ஓட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது இதையே.

கேள்வி: எந்த வண்டி வாங்கலாம்? ஐரோப்பாவில் ஓடும் அழகான டீசல் வண்டிகளை இங்கே கொண்டுவரலாமா?

சரக்கு ரயிலோடு ஒரே பாதையில் கலந்து ஓட, அமெரிக்காவின் பழைய விதிப்படி பெட்டியின் உடல் சட்டகம் 8 லட்சம் பவுண்டு அழுத்தத்தைத் தாங்க வேண்டும். இலகுவான ஐரோப்பிய வண்டிகள் தாங்காது. அதற்கு மாற்று வழியாக நேரத்தைப் பிரித்தார்கள். நியூ ஜெர்சியில் 2004ல் தொடங்கிய ரிவர் லைன் அப்படித்தான். பகலில் பயணிகள், இரவில் சரக்கு. வாரத்துக்கு இரண்டு சரக்கு ரயில் மட்டும் போகும் உங்கள் ஊருக்கு இது பொருந்தும். ஆனால் கடைசிப் பயணிகள் ரயில் இரவு 10 மணிக்கு முன்பே முடிய வேண்டியிருக்கும். சரக்கு வாடிக்கையாளரும் நள்ளிரவில் பெட்டியை வாங்கிக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும். அதுதான் பெரும்பாலும் முறியும் இடம்.

2018 நவம்பரில் எஃப்.ஆர்.ஏ. விதியைத் திருத்தி, மோதலின் ஆற்றலை நசுங்கும் பகுதிகள் உள்வாங்கும்படி வடிவமைத்த வண்டிகளுக்கும் வழி திறந்தது. டெக்சஸில் 2019ல் தொடங்கிய டெக்ஸ்ரெயிலின் ஸ்டாட்லர் ஃபிளிர்ட் வண்டிகள் சரக்கு ரயில் போகும் பாதையில் ஓடுகின்றன.

சிறு ஊர்களுக்கு எங்கள் யோசனை, பழைய பெட்டியும் பழைய இன்ஜினும். நாஷ்வில்காரர்கள் சிகாகோவில் ஓடிய இரண்டடுக்குப் பெட்டிகளையும், ஆம்ட்ராக் ஓட்டிய இன்ஜின்களையும் வாங்கித் தொடங்கினார்கள். உதிரிபாகம் நாடெங்கும் கிடைக்கிறது, பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். எதிர்மாறான பாடம் ஓரிகனில் உண்டு. பீவர்ட்டன் – வில்சன்வில் ரயிலுக்காக வண்டி செய்துகொண்டிருந்த கொலராடோ ரெயில்கார் கம்பெனி, சேவை தொடங்கும் தறுவாயில் மூடப்பட்டது. பிறகு மாற்று வண்டிக்காக 1950களின் பட் ஆர்.டி.சி. டீசல் வண்டிகள் இரண்டை அலாஸ்காவிலிருந்து வாங்க நேர்ந்தது. நான்கைந்து வண்டி மட்டும் செய்யப்பட்ட மாதிரியை வாங்காதீர்கள்.

கேள்வி: நடைமேடை?

உயரமான நடைமேடை வசதி. ஆனால் அகலமான சரக்குப் பெட்டி அதில் இடிக்கும். கலிஃபோர்னியாவின் ஸ்மார்ட் ரயிலில், நிலையத்தில் மட்டும் சரக்கு ரயில் சற்று விலகிப் போக, பின்னிப் பிணைந்த இரட்டைத் தண்டவாளம் போட்டார்கள். சிறு நிலையத்துக்கு 8 அங்குல உயர மேடை, அதன் ஒரு முனையில் சக்கர நாற்காலிக்காரர்களுக்கு உயரமான சிறு மேடையும் பாலத் தகடும் போதும்.

கேள்வி: ரயில் கம்பெனி 'முடியாது' என்று சொன்னால் சட்டத்தில் இடம் உண்டா?

ஆம்ட்ராக்குக்கு உண்டு. சரக்குக் கம்பெனிகளின் பாதையில் ஓடவும், சரக்கு ரயிலுக்கு முன்னால் வழி பெறவும் அதற்குச் சட்ட உரிமை இருக்கிறது. உடன்பாடு வராவிட்டால் மத்திய அரசின் தரைப் போக்குவரத்து வாரியம் நிபந்தனைகளைத் தீர்மானிக்கும். உள்ளூர்ப் போக்குவரத்துக் கழகத்துக்கு அந்த உரிமை இல்லை. அதே வாரியம் கட்டாயமில்லாத சமரசம் செய்து வைக்கலாம், அவ்வளவுதான். ஆகவே கம்பெனியைப் பகைத்துக்கொண்டு இந்தக் காரியம் நடக்காது.

அவர்கள் 'முடியாது' என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் காப்பீடு இருக்கும். ஒரு விபத்தில் பயணிகளுக்கான மொத்த இழப்பீட்டுக்குச் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 1997ல் அது 20 கோடி டாலர். 2021ல் 32 கோடியே 28 லட்சம் டாலருக்கு மேல் உயர்ந்தது. ஆண்டுக்குச் சில மில்லியன் டாலர் வருமானம் பார்க்கும் கம்பெனிக்கு ஒரே விபத்து போதும், எல்லாம் முடிந்துவிடும். அவர்கள் பயம் நியாயமானது. 'யார் தவறாக இருந்தாலும் பயணிகள் ரயிலால் வரும் பொறுப்பு எங்களுடையது' என்று அரசுத் தரப்பு எழுதிக் கொடுத்து, அந்த வரம்பு வரை பாலிசியும் எடுத்தால்தான் பேச்சு நகரும். இதை முதல் கூட்டத்திலேயே மேசை மேல் வையுங்கள். கடைசியில் வைத்தால் அதுவரை போட்ட படங்களெல்லாம் வீண்.

கேள்வி: பணம் எங்கிருந்து வரும்?

ஷார்ட் லைன்களுக்கு 45ஜி என்ற வரிச்சலுகை உண்டு. பாதைப் பராமரிப்புச் செலவில் இப்போது 40 விழுக்காடு, ஆனால் மைலுக்கு 3,500 டாலர் உச்சவரம்பு. 32 மைல் பாதைக்கு ஆண்டுக்கு 1,12,000 டாலர்தான். பாதை மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ள உதவும், பயணிகள் தரத்துக்கு உயர்த்தப் போதாது.

அதற்கு, ரயில் பாதைகளை மேம்படுத்தத் தரும் கிரிசி (CRISI) மானியம் இருக்கிறது. மத்திய அரசு 80 விழுக்காடு வரை தரும். ஷார்ட் லைன் கம்பெனியே விண்ணப்பிக்கலாம். சரக்குக்காகப் பாலத்தையும் கட்டையையும் இந்தப் பணத்தில் உயர்த்திக்கொண்டு, பயணிகள் ரயிலைப் பிறகு கொண்டுவருவது நல்ல உத்தி. 2,86,000 பவுண்டு எடையுள்ள இன்றைய சரக்குப் பெட்டியைப் பழைய பாலம் தாங்காமல் தவிக்கும் கம்பெனிக்கு அது முதல் நாளிலிருந்தே லாபம். நகருக்குள் தினசரிப் பயணம் என்றால் கதவு வேறு. மத்திய போக்குவரத்து நிர்வாகத்தின் மூலதன மானியத்துக்குப் போக வேண்டும். நகரத்துக்கு நகரம் ஓடும் ரயில், 750 மைலுக்குக் குறைவு என்றால், 2008 சட்டப்படி ஓட்டும் செலவு மாநிலத்தின் தலையில்.

கட்டுவதற்கு மானியம் கிடைக்கும். ஆண்டுதோறும் ஓட்டுவதற்கு யார் தருவார் என்பதற்குப் பதில் இல்லாமல் தொடங்காதீர்கள்.

கேள்வி: எங்கே நன்றாக நடந்திருக்கிறது, எங்கே நடக்கவில்லை?

நாஷ்வில் ரயில் 2006 செப்டம்பரில் தொடங்கியது. ஷார்ட் லைன் பாதை, 32 மைல், தொடக்கச் செலவு ஏறத்தாழ 41 மில்லியன் டாலர். மைலுக்கு 1.3 மில்லியன்கூட ஆகவில்லை. பீவர்ட்டன் – வில்சன்வில் ரயிலும் ஷார்ட் லைன் பாதையில்தான் ஓடுகிறது. 2009ல் தொடங்கியது, வெறும் 14.7 மைல், 160 மில்லியனுக்கு மேல் ஆயிற்று. வார நாளில், காலை மாலை மட்டும் ஓடுகிறது. நகர மையத்துக்குப் போகாமல் இரண்டு புறநகரை இணைப்பதால், அங்கிருந்து மாறித்தான் போக வேண்டும். புது வண்டியும் நல்ல பாதையும் இருந்தும் கூட்டம் சேரவில்லை.

வெர்மான்ட்டில் பாதை மாநிலத்துக்குச் சொந்தம், ஷார்ட் லைன் கம்பெனி அதை நடத்துகிறது. ஆண்டுக்கணக்கில் பொறுமையாகத் தண்டவாளத்தை மாற்றி, 2022 ஜூலை 29 முதல் ஆம்ட்ராக்கின் ஈதன் ஆலன் எக்ஸ்பிரஸ் பர்லிங்டன் வரை போகிறது. எங்களுக்கு மிகவும் பிடித்த மாதிரி இதுதான். பாதை பொதுச் சொத்தாக இருந்ததால், உயர்த்திய ஒவ்வொரு மைலும் மக்களிடமே நின்றது. சிகாகோவிலிருந்து மோலீனுக்கு ரயில் விட 2010லேயே மத்திய மானியம் அறிவித்தார்கள். நடுவில் அயோவா இன்டர்ஸ்டேட் கம்பெனியின் பாதையை உயர்த்துவதில் பேச்சு இழுத்துக்கொண்டே போக, ரயில் வரவில்லை. அறிவிப்பு வந்ததும் மாலை போட்டுக் கொண்டாடும் ஊர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: ஊரில் ஒரு குழு அமைத்திருக்கிறோம். முதல் ஆறு மாதத்தில் என்ன செய்யலாம்?

பாதை யாருக்குச் சொந்தம், யார் நடத்துகிறார்கள் என்று கண்டுபிடியுங்கள். இரண்டும் வேறாக இருக்கலாம். நிலம் ஒருவருடையது, தண்டவாளம் குத்தகையில் என்றும் இருக்கும். குத்தகை எந்த ஆண்டு முடிகிறது என்று கேளுங்கள். மாநிலப் போக்குவரத்துத் துறையின் ரயில் திட்ட அறிக்கையை எடுத்து, உங்கள் பாதை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த திருத்தத்தில் சேர்க்கச் சொல்லி மனு கொடுங்கள். மானிய விண்ணப்பத்துக்கு அந்த ஒரு வரி பெரிய பலம்.

கம்பெனியின் பொது மேலாளரைச் சந்திக்கும்போது வண்டியின் படத்தை எடுத்துப் போகாதீர்கள். எந்தப் பாலம் அவரைத் தூங்கவிடாமல் செய்கிறது, எந்த வாடிக்கையாளருக்கு எந்த நேரத்தில் பெட்டி போக வேண்டும், இரண்டு ரயில் ஒதுங்கிச் செல்ல லூப் லைன் எங்கே இருக்கிறது, அதன் நீளம் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாதையை மைல் மைலாக ஒரு தாளில் இறக்குங்கள். இன்றைய வேகம், வளைவின் டிகிரி, பாலம், கேட், கையால் மாற்றும் பாயிண்ட், எல்லாம். பக்கத்தில் ஒவ்வொரு மைலுக்கும் எத்தனை நிமிடம் என்று எழுதிக் கூட்டுங்கள், நிலையத்துக்கு 2 நிமிடம் சேருங்கள். அதே தூரத்துக்குக் காலை 7:30 மணிக்குக் காரில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஐந்து வார நாள் ஓட்டிப் பார்த்து, அந்த எண்ணையும் கீழே எழுதுங்கள். அந்தத் தாளோடு மாநில அதிகாரியிடம் போங்கள்.